ஃபேஷன் வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு: மாவுச் சாக்கையும் பாடத்தில் சேருங்கள்

ஆடை வடிவமைப்புக் கல்லூரி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் தையல் கடை நடத்துகிறவள். உங்களிடம் படித்துவிட்டு என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளிடம் 1930களின் பார்ட்டி கவுனைப் பற்றிக் கேட்டால், வியொனே, ஷனேல் என்று பாரிஸ் வடிவமைப்பாளர்களின் பெயர்களைச் சட்டென்று சொல்கிறார்கள். அந்தக் கஷ்டகாலத்தில் சாதாரண வீட்டுப் பெண் விருந்துக்கு எதை உடுத்தினாள் என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

வியொனேயின் கிராஸ் கட் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. துணியைச் சாய்த்து வெட்டினால் அது தானாக உடம்போடு வழிந்து இறங்கும், மணிவேலையே வேண்டாம். 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து கைகள் சுருங்கிய பிறகு, பட்டுக்கு வழியில்லாதவர்கள் அதே கவுனை ரேயான் என்ற செயற்கைப் பட்டில் தைத்துக்கொண்டார்கள். 1931இல் ஷனேலே பருத்தியில் விருந்து கவுன்கள் செய்தார். இவையெல்லாம் பாடத்தில் வருகின்றன, சரி.

அதே ஆண்டுகளில் அமெரிக்கக் கிராமங்களில் நடந்தது ஏன் வரவில்லை? அங்கே மாவும் கோழித் தீவனமும் பருத்திச் சாக்கில் வந்தன. பெண்கள் சாக்கைப் பிரித்து, கம்பெனி முத்திரையை ஊறவைத்துத் தேய்த்துப் போக்கி, அதில் உடை தைத்தார்கள். இதைக் கவனித்த கம்பெனிகள் சாக்கிலேயே பூப்போட ஆரம்பித்தன, பெயரைத் துவைத்தால் போகிற மையில் அச்சடித்தன. ஒரு பெரியவருக்கான உடைக்கு ஏறக்குறைய மூன்று சாக்கு வேண்டும், மூன்றிலும் ஒரே பூ இருக்க வேண்டும். அதனால் தீவனம் வாங்கப் போகும் வீட்டுக்காரரிடம் எந்தப் பூ என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. ஆலை எதை அச்சடிக்க வேண்டும் என்பதையே மாற்றிய அந்தப் பெண்களை வடிவமைப்பாளர்கள் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

பிரிட்டன் கதையும் இப்படித்தான். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941இல், ஜூன் 1 முதல் அங்கே துணிக்கும் ரேஷன். முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன், ஒரு கம்பளி கவுனுக்கே 11 போய்விடும். 1942இல் வந்த விதிகள் எத்தனை பொத்தான், எத்தனை மடிப்பு என்றுகூட எண்ணிச் சொல்லின. நடனத்துக்குப் போக ஆசைப்பட்டவள் பழைய கவுன் இரண்டைப் பிரித்து ஒன்றாக்கினாள். காலுறை கிடைக்காவிட்டால், கெண்டைக்காலில் அதன் தையல் கோட்டைப் பென்சிலால் வரைந்துகொண்டாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். 1947இல் பாரிஸ் வடிவமைப்பாளர் டியோர் கஜக்கணக்கில் துணி விழுங்கும் பாவாடையைக் காட்டியபோதும் அவள் கூப்பன்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். துணி ரேஷன் 1949 மார்ச்சில்தான் போனது.

ஒரு செய்முறைத் தேர்வை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் சாக்கு அளவில் மூன்று துண்டு கொடுங்கள். கடைக்குப் போகக் கூடாது, லேஸ் கூடாது, விருந்துக்குப் போடுகிற மாதிரி ஒரு கவுன் வர வேண்டும். என் கடையில் செய்து பார்த்தேன். ஒட்டுத் தையலை மறைக்கவே முடியாது என்று இரண்டு நாள் தவித்த பெண், அப்புறம் அந்தத் தையலையே மார்புக்குக் குறுக்கே யோக் (தோளோடு சேர்ந்த மேல்துண்டு) முடியும் கோடாகக் கொண்டுவந்தாள். எந்த வகுப்பிலும் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

துணிதான் தடை என்றால், வெட்டில் மிஞ்சிய துண்டுகள் என்னிடம் மூட்டையாகக் கிடக்கின்றன. ஆள் அனுப்புங்கள், கட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஒரு தையல்காரி