காலியாக விடப்பட்ட இரண்டாம் படி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் விளையாட்டுக் கட்டுரை, கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள அமெரிக்க ஓட்டவீரர்கள் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் சிலையைப் பற்றிப் பேசும்போது, அவர்களோடு ஓடி வெள்ளிப் பதக்கம் வென்ற ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் நார்மனை அங்கே ஒதுக்கிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தது. அது தவறு. பதக்க மேடை வடிவில் அமைந்த அந்தச் சிலையில், இரண்டாம் படியான தன் இடத்தைக் காலியாக விடச் சொன்னவர் நார்மனேதான். பார்க்க வருகிறவர்கள் அந்தப் படியில் ஏறி, இருவருக்கும் துணையாக நிற்கட்டும் என்பது அவர் விருப்பம்.

1968 அக்டோபர் 16, மெக்சிகோ ஒலிம்பிக். 200 மீட்டரை 19.83 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார் ஸ்மித். அவரும் வெண்கலம் வென்ற கார்லோஸும் சான் ஹோசே மாணவர்கள். தம் கறுப்பின மக்களின் வறுமையைக் காட்டக் காலணி இல்லாமல் கறுப்புக் காலுறையோடு மேடையேறி, தேசிய கீதம் ஒலிக்கும்போது தலைகுனிந்து, இனப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தினார்கள். கார்லோஸ் தன் கையுறையை மறந்து வந்திருந்தார். இருக்கும் ஒரு ஜோடியை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னவரும் நார்மன்தான். ஸ்மித்தின் வலக்கையும் கார்லோஸின் இடக்கையும் உயர்ந்திருப்பது அதனால்தான். நார்மன் கையை உயர்த்தவில்லை. ஆனால் அவர்கள் அணிந்த மனித உரிமை பேட்ஜை அவரும் நெஞ்சில் குத்தியிருந்தார்.

இந்த எதிர்ப்புக்காக மாணவர்கள் இருவரையும் அமெரிக்க அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குச் சிலை வேண்டும் என்று பிற்காலத்தில் கேட்டு நின்றவர்களும் அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்களே. எனக்கு இதுதான் பெரிய செய்தி. ரிகோ 23 என்ற கலைஞர் வடித்த, 20 அடிக்கு மேல் உயரமுள்ள அந்தச் சிலை 2005 அக்டோபரில் திறக்கப்பட்டது. நார்மனும் வந்திருந்தார். மறு ஆண்டு அவர் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். இந்த மேடைப் படத்தைக் காட்டும்போதெல்லாம் பிள்ளைகள் உயர்ந்த கைகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். "முன்னாடி நிக்கிறவர் யாரு சார், ஏன் சும்மா நிக்கிறார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று வகுப்பு முழுவதும் நார்மனைப் பற்றியே பேசினோம்.

தங்கள் இதழைப் பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆகவே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். முடிந்தால், யாராவது அந்த இரண்டாம் படியில் ஏறி நிற்கும் படத்தோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கரூர்