எலும்பு வெறும் சுண்ணாம்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எலும்புத் தேய்மானக் கட்டுரை படித்தேன். பால், கேழ்வரகு, வெயில், மாத்திரை எல்லாம் சொல்லியிருந்தீர்கள். சரிதான். ஆனால் புரதம் என்ற சொல் ஓரிடத்தில்கூட வரவில்லை. 30 வருடம் விலங்கியல் நடத்தியவளுக்கு அது உறுத்தியது.

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும் மேடுகளுக்கு வெள்ளைக்காரர்கள் சுண்ணாம்புக் குன்று என்று பொருள்படப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே கிடப்பதோ மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது. எலும்பையும் அப்படித்தான், வெள்ளையாக இருப்பதால் அத்தனையும் கால்சியம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

வகுப்பில் கோழிக்கால் எலும்பை வினிகரில் ஊறப்போடுவேன். சில நாளில் தாது கரைந்துபோய் ரப்பர் மாதிரி வளையும். இன்னொன்றை அடுப்பில் நன்றாகச் சுட்டுக் கொடுப்பேன். பிள்ளைகள் அழுத்தினால் பொடிந்துவிடும். தீயில் போனது புரதம்.

எலும்பின் அந்தப் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன். மூன்று இழை முறுக்கிய கயிறு. அந்த முறுக்கை 1954இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். எலும்பு செல்கள் முதலில் இந்தக் கயிறுகளைத்தான் பரப்புகின்றன. ஏறக்குறைய பத்து நாள் கழித்தே தாது ஏறத் தொடங்கும். கயிறுகளுக்கு உள்ளே சுமார் 40 நானோமீட்டர் இடைவெளிகள் வரிசையாக உண்டு. கால்சியமும் பாஸ்பேட்டும் அங்கே படிகமாக உட்காருகின்றன. எங்கள் ஊர் அம்மாபேட்டை நெசவாளர்களுக்கு விளக்கவே வேண்டாம், பாவு நூல் இல்லாமல் கஞ்சியை எதன்மேல் போடுவது?

எனக்கு வியப்பு இன்னோர் இடத்தில். ரத்தத்தில் எப்போதும் கால்சியமும் பாஸ்பேட்டும் ஓடிக்கொண்டிருக்க, உடம்பு முழுக்கக் கல்லாகாமல் இருப்பது எப்படி? தடுக்கவும் ஆள் இருக்கிறது. பைரோபாஸ்பேட் என்ற பொருள் படிகத்தை வளரவிடாது. எலும்பில் மட்டும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற புரதம் அதை உடைத்து வழிவிடுகிறது. (ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஏ.எல்.பி. என்று வருமே, அதுதான். வளரும் பிள்ளைகளுக்கு அது கூடுதலாக இருப்பதும் இதனால்தான்.) ரத்தக்குழாய்ச் சுவரில் மேட்ரிக்ஸ் ஜிஎல்ஏ என்றொரு புரதம் காவல் நிற்கிறது, அது வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். அந்தப் புரதம் இல்லாதபடி பிறக்கவைத்த எலிகளின் தமனிகளில் கால்சியம் படிந்து, இரண்டு மாதத்துக்குள் அவை இறந்ததாக 1997இல் ஓர் ஆய்வு வந்தது. கால்சியம் தானாகப் போய் எலும்பில் சேர்ந்துவிடாது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன ஆடியில் மணிக்கட்டு முறிந்தது. கால்சியம் மாத்திரை ஒரு நாள் தவறுவதில்லை. சாப்பாடு மூன்று வேளையும் ரசம் சோறு. உங்கள் கட்டுரையைக் கத்தரித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறார். அடுத்த இதழில் பருப்பு, முட்டை, சுண்டல் பற்றி நாலு வரி போடுங்கள். நான் சொன்னால் டீச்சர் புத்தி என்று சிரிக்கிறார், அச்சில் வந்தால் கேட்பார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கன்னங்குறிச்சி, சேலம்