தனிம வரிசையின் அடிப்படை அணு எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில், தனிமங்கள் அணு நிறையின் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டுள்ளன என்று எழுதப்பட்டிருந்தது; இது 1869இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் வகுத்த தனிம அட்டவணைக்குப் பொருந்துமே தவிர, இன்றைய அட்டவணைக்குப் பொருந்தாது. டெலூரியத்தின் அணு நிறை 127.6, அயோடினுடையது 126.9 என்பதால், நிறையை மட்டும் பார்த்தால் அயோடின் முன்னால் வந்து, தன் இனமான குளோரினையும் புரோமினையும் பிரிந்து, கந்தகத்தின் தொகுதியில் சேர்ந்துவிடும். மெண்டலீவ் வேதிப்பண்புகளை நம்பி அயோடினைப் பின்னால் வைத்தார். டெலூரியத்தின் நிறைதான் தவறாக அளக்கப்பட்டிருக்கிறது என்றும் கருதினார். அளவீட்டில் தவறில்லை. 1913இல் இங்கிலாந்தின் இயற்பியலாளர் மோஸ்லி, தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை ஆராய்ந்து, அணுக்கருவின் மின்சுமையே வரிசையைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். அந்த மின்சுமையைத் தருவது அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை; அதுவே அணு எண். டெலூரியத்தில் 52 புரோட்டான்கள், அயோடினில் 53; அதனால்தான் அயோடின் பின்னால் வருகிறது. முதல் உலகப் போரில் 27 வயதிலேயே உயிரிழந்த அந்த அறிஞரின் பெயரையும் சேர்த்துத் திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்