கொண்டுவந்து சேர்த்தவருக்கும் முடிவைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி அவசர சிகிச்சைப் பிரிவிலேயே கழிந்தது. மருத்துவப் பணியாளர்களுக்கு உயிர்காக்கும் பயிற்சி நடந்ததாக நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அவ்வப்போது செய்தி வருகிறது. படத்தில் ஒருவர் பொம்மையின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பார், மற்றவர்கள் சான்றிதழோடு நிற்பார்கள். பயிற்சியைக் குறை சொல்லவில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துவது கை பழக வேண்டிய வேலை, பொம்மையை வைத்துத்தான் பழக முடியும். ஆனால் யாருக்கு எதை முதலில் செய்வது, யாரை எங்கே அனுப்புவது என்ற முடிவெடுக்கும் திறன் அந்தப் பொம்மையிடமிருந்து வராது. எடுத்த முடிவு என்ன ஆயிற்று என்று தெரிந்தால்தான் வரும்.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பும் நெல்லும் முந்திரியும் விளைகிற மாவட்டம் நம்முடையது. கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுவிரியன் அப்படியல்ல. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பட்ட தடம்கூடப் பல நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அல்சர் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவது எளிது. "நேற்று இரவு எங்கே படுத்திருந்தீர்கள்?" என்று கேட்கத் தோன்ற வேண்டும். கண் இமை சரிகிறதா, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் எதுவரை எண்ணுகிறார் என்று பார்க்க எந்த இயந்திரமும் வேண்டாம். சற்று முன் 30 வரை எண்ணியவர் இப்போது 12இல் நின்றுவிட்டால் மூச்சுக்கான தசைகள் தளர்கின்றன என்று பொருள். அந்த நேரத்தில் உறவினரிடம் சீட்டை நீட்டி "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்வது சிகிச்சையாகாது. விஷமுறிவு மருந்தைத் தொடங்கியாயிற்றா, வழியில் மூச்சு நின்றால் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை அழுத்துவது யார் என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

கண்ணாடி விரியன் கடியில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனையும் அப்படித்தான். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். அப்போதும் ரத்தம் தண்ணீராக ஓடினால் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது. பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயிலோ எடுத்தால் முடிவை நம்ப முடியாது. உறைதலைத் தூண்டுவதே கண்ணாடியின் பரப்புதான். 20 நிமிடம் பொறுக்க முடியாமல் குழாயை எடுத்து ஆட்டிப் பார்க்கும் புதுப் பிள்ளைகளின் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று நல்ல செவிலியர்கள்.

இவ்வளவும் வகுப்பில் சொல்லப்படுகிறது. சொல்லப்படாதது, தாங்கள் எடுத்த முடிவு என்ன ஆயிற்று என்பதுதான். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறார். ஒரு நாள் இரவு, இமை சரியத் தொடங்கிய ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு, வழியில் இருந்த சிறிய மருத்துவமனையில் நிறுத்தாமல், செயற்கைச் சுவாச வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். பக்கத்து மருத்துவமனையை ஏன் தாண்டினாய் என்று உறவினர்கள் வழிநெடுகச் சண்டை போட்டிருக்கிறார்கள். நோயாளியை ஒப்படைத்தார், கையெழுத்து வாங்கினார், அடுத்த அழைப்புக்குப் போய்விட்டார். பிறகு என்னைப் பார்த்தபோது, "சிஸ்டர், அந்த அம்மா பிழைத்தார்களா என்று கேட்கப் போனேன். உனக்கு எதற்கு என்று கேட்டுவிட்டார்கள்" என்றார். அவர் செய்தது சரியான துணிச்சலா, ஆபத்தான விளையாட்டா? அவருக்கு இன்னும் தெரியாது. அடுத்த முறை உறவினர்கள் கத்தினால் எதை நம்பி வண்டியை நிறுத்தாமல் ஓட்டச் சொல்வார்?

நம் ஊரில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். கடலூரில் மேல்சிகிச்சை என்றாலே பலருக்கும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைதான். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் கடந்து, மரப்பாலம் நெரிசலில் சைரனை அலறவிட்டு, புதுச்சேரியின் மறுகோடியில் உள்ள கோரிமேடு போய்ச் சேர வேண்டும். அனுப்புவது தமிழக அரசு மருத்துவமனை, சாலை யூனியன் பிரதேசத்தினுடையது, சேர்வது மத்திய அரசின் நிறுவனம். நோயாளி எல்லையைத் தாண்டிவிடுகிறார். அவர் என்ன ஆனார் என்ற தகவல் அனுப்பியவரின் மேசைக்குத் திரும்பி வந்து என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. யார் மீதும் பழி போடவில்லை. அப்படித் தெரிவிப்பதை யாருக்கும் வேலையாகக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தாய் இறப்பு ஒவ்வொன்றையும் தணிக்கை செய்யும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. 2024 நவம்பரில் பாம்புக்கடியையும் கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் அரசு சேர்த்துவிட்டது. ஆகவே கடிபட்டவர்களின் எண்ணிக்கை மேலதிகாரிகளுக்குப் போகும். அதே பாதையில் பதிலும் கீழே வரட்டும். நோயாளியின் பெயர்கூட வேண்டாம். வண்டி எண், தேதி, என்ன நோய் என்று முடிவானது, பிழைத்தாரா இல்லையா என்ற நான்கும் போதும். மாதம் ஒரு பிற்பகல், ஆம்புலன்ஸ் உதவியாளர், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், பயிற்சி மருத்துவர் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து, நன்றாக முடிந்ததையும் கைநழுவியதையும் பேசவிடலாம். எந்த நிமிடத்தில் எது தெரிந்திருந்தது, எது தெரியவில்லை, எதனால் அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்றுதான் அங்கே கேட்க வேண்டும். விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கும் கூட்டமாக அதை ஆக்கிவிட்டால் இரண்டாம் மாதம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இது ஒன்றை மட்டும் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்.