மே 1972: திருகோணமலையை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

1972ஆம் ஆண்டு மே மாதச் செய்திகளைத் தொகுத்து நீங்கள் வெளியிட்ட பக்கத்தை ஆவலோடு வாசித்தேன். ஒக்கினாவா ஜப்பானிடம் திரும்பிப் போனது, நிக்சன் மொஸ்கோ சென்று அணுவாயுத உடன்படிக்கையில் ஒப்பமிட்டது, மே 22இல் இலங்கை குடியரசானது எல்லாம் இருந்தன. சரி, நல்ல தொகுப்புத்தான். ஆனால் மே 14ஆம் திகதி திருகோணமலையில் நடந்தது பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த ஊர்க்காரனாக அது எனக்கு மிகவும் மனவருத்தம்.

தமிழர் கூட்டணி அன்று இங்கேதான் உருவானது. தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மூன்றும் அதில் சேர்ந்தன. இன்றைய பிள்ளைகளுக்கு இது சாதாரண கட்சிக் கூட்டாகத் தோன்றலாம். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன விவகாரத்தில்தான் செல்வநாயகம், தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இருபது வருடங்களுக்கு மேல் எதிரெதிராக நின்ற அந்த இருவரும், அதே மலையக மக்களின் தலைவர், தொழிலாளர் காங்கிரஸின் தொண்டமானும் ஒரே அணிக்கு வந்தார்கள் என்றால் சும்மா விஷயமா?

வரவிருந்த அரசியலமைப்புத்தான் அவர்களை ஒன்றாக்கியது. சிறுபான்மையினருக்குப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த, பழைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அதில் இல்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிங்களம் மட்டும் அரசகரும மொழி. அது நடைமுறைக்கு வர எட்டு நாள் இருக்கும்போது நடந்த கூட்டம் இது. மே 22ஐப் பற்றி எழுதும்போது மே 14ஐ விட்டால் செய்தியில் பாதிதான் வரும். நான்கு வருடம் கழித்து, அதே மே 14இல், தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்ததையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பழைய பத்திரிகைகளைத் தேடுவது லேசல்ல என்பது தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது எவ்வளவு போயிற்று! ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அப்போதுதான் எரிந்தது. அப்புறம் இடப்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டிகளில் இருந்தவையும் தொலைந்தன. ஆனாலும் அந்த மாதத்து வீரகேசரி, தினகரன், சுதந்திரன் நறுக்குகள் யாரிடமாவது இருக்கக்கூடும். அந்தக் கூட்டத்துக்குப் போனவர்களில் சிலராவது இன்னும் நம்மிடையே இருப்பார்கள். வாசகர்களிடம் கேட்டு, திகதியோடு ஒரு பக்கம் வெளியிடுங்கள். திருகோணமலையில் ஆட்களைத் தேடிப் பேச நான் உதவத் தயார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.