யானை லத்தியில் கிடைத்த மரபணு

அன்புள்ள ராமநாதனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உங்கள் கரும்பாலையில் எத்தனாலுக்காக மொலாசஸ் என்னும் கழிவுப் பாகைப் புளிக்கவைக்கும் அதே ஈஸ்டுக்கு வைக்கோலையும் கொடுத்தால் என்ன என்று கேட்டிருந்தாய். இந்தக் கேள்வியோடு ஆய்வுக்கூடங்கள் பல்லாண்டுகளாக மல்லுக்கட்டி வருகின்றன.

வைக்கோலின் செல்லுலோஸை நொதிகளால் உடைத்தால் குளுக்கோஸ் கிடைக்கும். அது ஈஸ்டுக்குப் பழகிய தீனிதான். ஆனால் கூடவே, மொத்தச் சர்க்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சைலோஸ் என்னும் ஐந்து கார்பன் சர்க்கரையாக வருகிறது. நம் ஈஸ்டுக்கு அதிலிருந்து எத்தனால் தயாரிக்கத் தெரியாது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் நான்சி ஹோ 1990களில், சைலோஸைத் தின்னும் வேறோர் ஈஸ்டின் மரபணுக்களை நம் ஈஸ்டுக்குள் புகுத்தி இதற்கு ஒரு வழி திறந்தார். எனினும் அந்த வழியில் அடுத்தடுத்து வேலை செய்யும் இரு நொதிகளும் வெவ்வேறு துணைப்பொருள்களை, அதாவது நொதி வேலை செய்யக் கூடவே தேவைப்படும் சிறு மூலக்கூறுகளை, நாடுபவை. காற்றில்லாத தொட்டியில் அவற்றின் வரவுசெலவு நேராகாமல், சர்க்கரையில் ஒரு பகுதி எத்தனாலாகாமல் சைலிட்டால் என்னும் இடைப்பொருளாக நடுவழியில் தேங்கிவிடும்.

இதற்குத் தீர்வு வந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்திய யானையொன்றின் லத்தியிலிருந்து பிரித்தெடுத்த பைரோமைசிஸ் என்ற பூஞ்சை, துணைப்பொருள் தொல்லை இல்லாமல் சைலோஸை ஒரே நொதியால், ஒரே படியில், ஈஸ்ட் பயன்படுத்தக்கூடிய சைலுலோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றிவிடுகிறது. இதே வகை நொதி பாக்டீரியாக்களிடமும் உண்டு. ஆனால் அவற்றின் மரபணுக்கள் அதுவரை ஈஸ்டுக்குள் சரிவர வேலை செய்யவில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார் 2003இல் பூஞ்சையின் மரபணுவை ஈஸ்டில் இயங்கவைத்தார்கள். அது மட்டும் போதவில்லை. ஈஸ்ட் சைலோஸில் மிக மெதுவாகவே வளர்ந்தது. எனவே சைலுலோஸை அடுத்த கட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் நொதிகளைப் பெருக்கி, சைலிட்டாலுக்கு இட்டுச்செல்லும் ஒரு மரபணுவை நீக்கி, பிறகு சைலோஸிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்து, வேகமாகப் பெருகுபவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கல் ஓயவில்லை. மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனால் தயாரிக்க அயோவா மாநிலத்தின் எம்மட்ஸ்பர்க்கில் கட்டிய ஆலையை 2014 செப்டம்பரில் திறந்தபோது நெதர்லாந்து மன்னரே வந்திருந்தார். ஈஸ்டைக் கொடுத்த டி.எஸ்.எம். ஒரு டச்சு நிறுவனம் என்பதால் அந்த மரியாதை. ஆனால் நொதிகள் எட்டுவதற்கு ஏற்றபடி தட்டையை அமிலத்தாலும் வெப்பத்தாலும் இளக்கும் முன்பதப்படுத்தல் கட்டத்திலேயே ஆலை ஆண்டுக்கணக்கில் தடுமாறியது. 2019 இறுதியில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். போதாக்குறைக்கு, முன்பதப்படுத்தும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலமும் ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருளும் ஈஸ்டுக்கு நஞ்சு. என்னைக் கேட்டால், இனி மரபணுவைவிட முன்பதப்படுத்தும் கலனில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

அந்தக் கலனுக்குள் மூலப்பொருளோடு மணலும் மண்ணும் போனால் தொல்லை என்பதால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஆலைக்குக் கரும்போடு வரும் மணலும் மண்ணும் சக்கையில் எவ்வளவு தங்குகின்றன, அவற்றை எப்படி அகற்றுகிறீர்கள்? அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது.

அன்புடன்,
சுந்தரம்