69 மில்லிமீட்டர் கண்களுக்கு 63 மில்லிமீட்டர் லென்ஸ்: புதிய விஆர் ஹெட்செட் குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: புதிய விஆர் ஹெட்செட்டில் லென்ஸ் இடைவெளியை மாற்றும் வசதி நீக்கப்பட்டது, அதை விளம்பரத்தில் மறைத்தது, பணத்தைத் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும், தலையில் அணியும் கருவியான தங்கள் நிறுவனத்தின் முந்தைய விஆர் ஹெட்செட்டை ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் கேபிள் தளர்ந்து படம் விட்டுவிட்டு வரத் தொடங்கியது. மாற்றுக் கேபிள் எங்கும் கிடைக்கவில்லை. அந்த நிலையில், அதன் மேம்பட்ட வாரிசு என்று தாங்கள் அறிவித்த புதிய மாதிரியைச் சென்ற மாதம் 46,990 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பில் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். மூன்று வாரங்கள் நாள்தோறும் அணிந்து பார்த்த பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன். அவசரத்தில் எழுதியதாகத் தாங்கள் கருதிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

என் குறை ஒன்றுதான். பழைய ஹெட்செட்டின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய பித்தான் இருந்தது. அதை அழுத்தித் தள்ளினால் இரண்டு லென்ஸ்களும் ஒன்றையொன்று நெருங்கும் அல்லது விலகும், திரையில் மில்லிமீட்டர் எண் மாறிக்கொண்டே வரும். புதிய ஹெட்செட்டில் அந்தப் பித்தான் இல்லை. லென்ஸ்கள் ஒரே இடத்தில் பொருத்தப்பட்டுவிட்டன. அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் 63 மில்லிமீட்டர் என்று தங்கள் சேவை மையமே இரண்டாவது பதில் மின்னஞ்சலில் தெரிவித்துள்ளது. இந்த எண்ணைப் பெட்டியின் மேலோ, விற்பனைப் பக்கத்திலோ, கையேட்டிலோ நான் காணவில்லை.

என் கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம் 69 மில்லிமீட்டர். வழக்கமாகச் செல்லும் கண்ணாடிக் கடையில் இரண்டு முறை அளக்கச் சொல்லி, சீட்டில் எழுதி வாங்கியிருக்கிறேன். அதன் நகலும் இணைப்பில் உள்ளது. 63 என்பது பெரியவர்களின் சராசரியை ஒட்டிய எண் என்பதை அறிவேன். ஆனால் பெரியவர்களிடையே இந்த அளவு 50 மில்லிமீட்டரை ஒட்டித் தொடங்கி 75 வரை கூடப் போகிறது. சராசரிக்கு மட்டும் செருப்புத் தைத்தால் ஊரில் பாதிப் பேருக்குக் கால் கடிக்கும். கண்ணோ காலைக் காட்டிலும் மென்மையானது.

முதல் நாள் அணிந்தபோது கோளாறு என்னிடம்தான் என்று நினைத்தேன். பட்டையைத் தளர்த்தினேன், இறுக்கினேன், மேலே ஏற்றினேன், கீழே இறக்கினேன். லென்ஸைத் துணியால் துடைத்தேன். கண் மருத்துவரிடமும் போய் வந்தேன். பார்வையில் எந்த மாற்றமும் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் கருவியின் மேல் என் கவனம் திரும்பியது.

நான் பெரும்பாலும் பயன்படுத்துவது, விமானம் ஓட்டும் அனுபவத்தைக் கணினியில் தரும் விமான சிமுலேட்டர். அதில் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால் எதிரே ஆறு வட்டக் கருவிகள் இரண்டு வரிசையாக இருக்கும். மேல் வரிசையின் நடுவில் தொடுவானத்தைக் காட்டும் கருவி, அதன் இடப்பக்கம் வேகமானி, வலப்பக்கம் உயரமானி. விமானம் தரையிறங்கும்போது தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் இந்த மூன்றின் மேலும் ஓடவிட்டு, உடனே வெளியே ஓடுதளத்தைப் பார்க்க வேண்டும். ஏழு ஆண்டுகளாக இந்தப் பழக்கத்தில்தான் ஓட்டி வந்தேன். புதிய ஹெட்செட்டில் நடுவில் உள்ள கருவியே கலங்கலாகத் தெரிகிறது, உயரமானியின் எண்களையோ படிக்கவே முடியவில்லை. தலையை முழுவதுமாக வலப்பக்கம் திருப்பினால் ஓரளவு தெரிகிறது. அதற்குள் ஓடுதளம் நழுவிவிடுகிறது.

தங்கள் பொறியாளர்கள் ஒரு நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இடக்கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்செட்டை விரலால் மெல்ல வலப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நகர்த்தினேன். உயரமானியின் எண்கள் சட்டென்று துலங்கின. ஊசியின் நுனியும் அதன் அடியில் உள்ள சிறு கோடுகளும் கூடத் தெரிந்தன. ஹெட்செட்டை அதே நிலையில் வைத்துக்கொண்டு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தேன். முன்பிருந்ததைவிட மோசமான கலங்கல். இடப்பக்கம் நகர்த்தினால் இதற்கு நேர்மாறு. 69-இலிருந்து 63-ஐக் கழித்தால் ஆறு, கண்ணுக்கு மூன்று. அந்த மூன்று மில்லிமீட்டர்தான் நான் தரும் சான்று. இரண்டு கண்களில் ஏதேனும் ஒன்றுக்கு இந்தக் கருவி மிகச் சிறந்த கருவி என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்து அது கிடைக்கவில்லை என்பதுதான் மிகவும் வருத்துகிறது.

சேவை மையத்துக்கு எழுதியபோது, அமைப்புகளுக்குள் சென்று ஐபிடி அளவை, அதாவது கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை, மென்பொருளில் மாற்றிக்கொள்ளுமாறு பதில் வந்தது. மாற்றினேன். அது மாற்றுவது படத்தை, லென்ஸை அது தொடுவதில்லை. மெய்நிகர் உலகை இரண்டு கண்களுக்காகப் படம்பிடிக்கும் இரண்டு கேமராக்களின் இடைவெளியைத்தான் அந்த எண் கூட்டுகிறது, குறைக்கிறது. அதனால் எதிரே உள்ள பொருள்களின் அளவு மாறித் தோன்றுகிறது. எண்ணைத் தள்ளிக்கொண்டே போனால், விமானக் கதவின் கைப்பிடி ஒருமுறை என் கைக்கு ஏற்ற அளவிலும், மறுமுறை குழந்தையின் கைக்கு ஏற்றது போலவும் தெரிகிறது. லென்ஸின் தெளிவான பகுதியோ நடுவில் ஒரு சிறு வட்டம், அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. லென்ஸ் உண்டாக்கும் வளைவை நேராக்கும் கணக்கும், கண்மணி அந்த வட்டத்துக்கு நேரே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குதான். என் கண்மணி அங்கே இல்லாததால், தலையைத் திருப்பும்போது விமானத்தின் சன்னல் சட்டம் நீருக்குள் இருப்பதுபோல் நெளிகிறது. இருபது நிமிடங்களில் புருவத்துக்கு மேல் வலி தொடங்கிவிடுகிறது.

என் மனைவிக்கு இந்த அளவு 58. பழைய ஹெட்செட்டை நான் கழற்றிக் கொடுத்ததும் அவர் முதலில் செய்வது அந்தப் பித்தானை மறுகோடிக்குத் தள்ளுவதுதான். ஒரே கருவியை இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். புதியது எனக்கு அகலம் போதாது, அவருக்கு அகலம் அதிகம். ஒரு வீட்டில் இருவருக்கும் பொருந்தாத கருவியின் பெட்டி மேல் "அனைவருக்கும் ஏற்றது" என்று தாங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள்.

விலையைக் கட்டுக்குள் வைக்க எங்கேயாவது கைவைத்தாக வேண்டும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வேறு சில இடங்களிலும் தாங்கள் கைவைத்திருக்கிறீர்கள், அவற்றை நான் பொறுத்துக்கொண்டேன். பழையதில் ஓஎல்இடி திரை, இதில் எல்சிடி. இரவு நேரத்தில் பறக்கும்போது வானம் கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூசியது போல் இருப்பது என் போன்ற ஆர்வலருக்குப் பெரிய இழப்பு. ஓடுதள விளக்குகள் இருட்டில் கிளர்ந்து நிற்கும் அந்த அழகு போய்விட்டது. ஆனாலும் எல்சிடியில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுமையாக இருப்பதால் கொசுவலை வழியாகப் பார்ப்பது போன்ற உறுத்தல் குறைந்திருக்கிறது. நொடிக்கு 90 முறை மாறிய படம் 80 முறையாகக் குறைந்ததும் பெரிதில்லை. ஒரு படத்துக்கு 11.1 மில்லிநொடி இருந்தது 12.5 ஆகியிருக்கிறது. சிமுலேட்டரில் என் கணினியால் அந்த 90-ஐ எப்போதும் எட்ட முடிந்ததும் இல்லை.

தலையும் கையும் அசைவதைக் கண்டறியச் சுவரில் பொருத்தும் சென்சார்களை நீக்கி, ஹெட்செட்டிலேயே கேமராக்களை வைத்ததும் இப்படித்தான். வில்வித்தை விளையாட்டில் நாணைக் காதுவரை இழுக்கும்போது கை கேமராவின் பார்வைக்குத் தப்பி, அம்பு எங்கோ போய்விடுகிறது என்று என் தங்கை மகன் ஒவ்வொரு ஞாயிறும் "மாமா, இது சரியில்லை" என்று குறைப்படுகிறான். ஆனால் வாடகை வீட்டில் ஆணி அடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது எனக்கு மிகப் பெரிய வசதி. காதை மூடிய ஹெட்ஃபோனுக்குப் பதிலாகப் பட்டையில் வைத்துள்ள ஸ்பீக்கரில் எஞ்சின் ஒலியின் கனம் போய்விட்டது, அதற்கு வேறு ஹெட்ஃபோன் செருகிக்கொள்ள வழி இருக்கிறது. இவை ஒவ்வொன்றிலும் தாங்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றைக் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது நான் சமாளித்துக்கொள்ள வழி விட்டிருக்கிறீர்கள். லென்ஸை அசையாமல் பொருத்தியதற்கு ஈடாக எனக்குக் கிடைத்தது எதுவும் இல்லை. நானாகச் சரிசெய்துகொள்ளவும் வழி இல்லை.

இரண்டு கண்களுக்கும் ஒரே திரையைப் பயன்படுத்துவதால் லென்ஸை நகர்த்துவது கடினம் என்று தங்கள் தொழில்நுட்பப் பிரிவு விளக்கம் தந்தது. கண்ணுக்கு ஒரு திரை என்றால் லென்ஸோடு திரையும் சேர்ந்து நகரும், ஒரே திரை என்றால் லென்ஸ் நகரும்போது ஓரத்துப் பிக்சல்கள் வீணாகும் என்பது உண்மையே. ஆனால் 2020-இல் வெளிவந்த குவெஸ்ட் 2 ஹெட்செட்டிலும் ஒரே திரைதான். அதில் லென்ஸ்களை 58, 63, 68 மில்லிமீட்டர் என்ற மூன்று நிலைகளில் கையால் நகர்த்தி வைக்க முடிந்தது. 2019-இல் வந்த வால்வ் இண்டெக்ஸ் ஹெட்செட் 58 முதல் 70 வரை இடம் கொடுத்தது. 2023-இல் வந்த குவெஸ்ட் 3-இல் சிறு சக்கரத்தைச் சுழற்றினால் 58 முதல் 71 வரை போகலாம். அதற்கும் முன்னே, 2016-இல் வந்த முதல் தலைமுறைக் கருவிகளான ஆக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ் இரண்டிலுமே இந்த வசதி இருந்தது. தொடக்கத்திலேயே இந்தத் துறை அவசியம் என்று கண்டுகொண்ட ஒன்றை, தாங்களே தங்கள் முந்தைய கருவியில் அருமையாகச் செய்து காட்டிய ஒன்றை, மேம்பட்ட மாதிரி என்ற பெயரில் கழற்றி எடுத்திருக்கிறீர்கள். எனக்குத் திரையில் கூடுதல் பிக்சல் வேண்டும்தான். ஆனால் அதைக் கலங்கலான ஓரத்தின் வழியே பார்க்க வேண்டியிருந்தால் அந்தப் பிக்சலால் எனக்குப் பயன் என்ன?

மாற்றித் தருமாறு கேட்டு ஹெட்செட்டைத் தங்கள் சேவை மையத்துக்கு அனுப்பினேன். ஒன்பது நாட்கள் கழித்து, "பரிசோதனையில் சரியாக இயங்குகிறது, உற்பத்திக் குறைபாடு இல்லை, எனவே வாரண்டியில் அடங்காது" என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. பரிசோதித்தவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் உற்பத்திக் குறைபாடு என்று ஒருபோதும் புகார் செய்யவில்லை. வடிவமைப்பில் செய்த முடிவையும், அதை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டதையும்தான் புகாராகச் சொல்கிறேன். விற்பனைப் பக்கத்தில் உள்ள அட்டவணையில் "ஐபிடி சரிசெய்யும் வசதி: உண்டு" என்று இருந்தது. அதை நம்பித்தான் பணம் கட்டினேன். "லென்ஸ் இடைவெளி 63 மில்லிமீட்டர், மாற்ற இயலாது" என்று ஒரு வரி இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன், தங்கள் மேல் எனக்கு மனத்தாங்கலும் வந்திருக்காது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம் என்பதையும் அறிவேன். தங்களிடமே இது தீர்ந்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். ஏழு ஆண்டுகள் தங்கள் கருவியை நண்பர்களுக்கும் அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்களுக்கும் நானே முன்வந்து காட்டி, குறைந்தது நான்கு பேரை வாங்க வைத்தவன் நான்.

ஆகவே, நான் செலுத்திய 46,990 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தந்து ஹெட்செட்டைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெட்டி, கையேடு, கண்ட்ரோலர்கள், கேபிள் ஆகிய அனைத்தும் வந்த நிலையிலேயே இருக்கின்றன. இனி விற்கும் ஒவ்வொரு பெட்டியின் மேலும், விற்பனைப் பக்கத்திலும், எந்த அளவு முதல் எந்த அளவு வரையிலான கண்களுக்கு இக்கருவி பொருந்தும் என்பதை மில்லிமீட்டரில் அச்சிடுங்கள். அடுத்த மாதிரியில் அந்தப் பித்தானைத் திரும்பக் கொண்டுவருமாறு இக்கடிதத்தை வடிவமைப்புப் பிரிவின் பார்வைக்கு அனுப்பிவைக்கவும் வேண்டுகிறேன். பணம் திரும்பக் கிடைப்பதைக் காட்டிலும் அதில்தான் எனக்கு அக்கறை அதிகம்.

பழைய ஹெட்செட்டுக்குரிய கேபிள் ஒன்று தங்கள் கிடங்கில் எங்கேனும் எஞ்சியிருந்தால், உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்ளவும் அணியமாக இருக்கிறேன். 30 நாட்களுக்குள் எழுத்து வடிவில் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.